ஓடையோரக் குட்டையில் தண்ணீர் நிற்குமா?

கேள்வி: மழைக்கு மட்டும் ஓடும் ஓடை தோட்டத்தை ஒட்டிப் போகிறது. பக்கத்தில் சிறு குட்டை வெட்டலாமா?

பதில்: தாராளமாக வெட்டலாம். ஆனால் ஓடைக்குள் வேண்டாம். அது பெரும்பாலும் அரசுப் புறம்போக்கு; முதல் வெள்ளத்திலேயே வண்டல் குட்டையை மூடிவிடும். பட்டா நிலத்தில் தள்ளி வெட்டி, தோட்டத்தில் வழியும் மழைநீரையே உள்ளே விட வேண்டும்.

மண்ணைப் பார்ப்பது முக்கியம். ஈரமண்ணை உள்ளங்கையில் உருட்டினால் உடையாமல் திரியாக நீள வேண்டும். உதிரும் மண்ணில் தண்ணீர் தங்காது. ஆனால் அப்படிக் கீழே இறங்கும் நீரால் பக்கத்துக் கிணறு ஊறும், அதுவும் லாபமே.

10 மீட்டர் சதுரம், 2 மீட்டர் ஆழம், 1 மீட்டர் இறக்கத்துக்கு ஒன்றரை மீட்டர் சரிவு என்றால் சுமார் 1 லட்சம் லிட்டர் பிடிக்கும். செங்குத்தாக வெட்டினால் இரு மடங்கு பிடிக்கும்தான். ஆனால் கரை சரியும், தவறி விழுந்த ஆடோ குழந்தையோ ஏறிவர முடியாது.

நீர் நுழையுமிடத்தில் வண்டல் குழியும், மிகைநீர் வெளியேறக் கல் பாவிய கலிங்கும் அவசியம். கோடையில் அந்த வண்டலை அள்ளி வயலுக்கே போடலாம்.