அம்மாவை எந்த இல்லத்தில் சேர்ப்பது?

"நைட் ஷிஃப்ட் போகணும் வைத்தியரய்யா. வீட்ல அவளும் வேலைக்குப் போறா. அம்மாவை யாரு பாத்துக்கறது?"

பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்த தாய். பிள்ளைக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. ஆரம்பாக்கத்தில் எனக்கு இது பழகிப்போன கேள்வி. கேட்பவரைப் பாசமில்லாதவர் என்று நான் நினைப்பதில்லை.

நம் பக்கம் 'நர்சிங் ஹோம்' என்றால் சின்னத் தனியார் ஆஸ்பத்திரி. பிரசவம், ஆபரேஷன் பார்க்குமிடம். முதியோர் இல்லம் வேறு. தானே நடந்து, குளித்து, சாப்பிடுபவரை மட்டும் சேர்த்துக்கொள்ளும் இல்லங்கள் உண்டு. ஆகவே முதல் கேள்வி, "படுக்கையில் விழுந்தால் வைத்துப் பார்ப்பீர்களா, கூட்டிப் போகச் சொல்வீர்களா?" பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இல்லத்தைப் பார்க்கப் போகும்போது வரவேற்பறை சோபாவைப் பார்த்து மயங்கிவிடாதீங்க. உள்ளே போய் மூச்சை இழுத்துப் பாருங்கள். மூத்திர வாடை அடித்தால் துணி மாற்ற ஆளில்லை என்று அர்த்தம். கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்கிறதா? புரள முடியாதவரை இரண்டு மணிக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்க வைக்கிறார்களா?

இரவில் எத்தனை பேர் விழித்திருப்பார்கள், சாவி யாரிடம் என்பதையும் கேளுங்கள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். குணமாகட்டும் என்றுதான் பல குடும்பங்கள் அங்கே கொண்டுபோய் விட்டிருந்தன. 'கீழே விழாம இருக்கக் கட்டிலோட கட்டி வைப்போம்' என்று ஒரு இல்லத்தில் சொன்னால், அங்கே காபி கூடக் குடிக்காமல் கிளம்புங்கள்.

சென்னையின் அந்தக் கோடியில் இருக்கும் பளிங்குத்தரை இல்லத்தைவிட, ஷிஃப்ட் முடிந்து எட்டிப் பார்க்கிற தூரத்தில் உள்ள சாதாரண இல்லமே மேல். அடிக்கடி ஆள் வந்து போகும் கட்டிலுக்குத் தனிக் கவனிப்பு கிடைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மருந்துப் பட்டியலில் நாங்கள் கொடுக்கும் சூரணம், லேகியத்தையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். 'நாட்டு மருந்துதானே' என்று மறைக்கிறார்கள். லேகியத்தில் வெல்லம், சர்க்கரை இருக்கும். சர்க்கரை நோயாளிக்கு அது கணக்கில் வர வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் டாக்டரைக் கேட்காமல் எதையும் சேர்க்காதீர்கள். சித்த மருத்துவனான நானே சொல்கிறேன்.

சேர்த்த முதல் வாரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் போங்கள். குதிகாலையும் பின்னிடுப்பு எலும்பு மேட்டையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் சிவப்பு மாறவில்லையென்றால் அது படுக்கைப்புண்ணின் ஆரம்பம். அங்கே தைலம் போட்டுத் தேய்க்கக் கூடாது. தோல் இன்னும் கெடும். அந்தப் பக்கம் பாரம் விழாமல் திருப்பிப் படுக்க வைத்து, அன்றைக்கே டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.