அடிவண்டலிலிருந்து மின்சாரம்

அன்புள்ள மருமகனுக்கு,

எண்ணெயைக் கொளுத்தினால் தீ வருவது கண்கூடு, அதிலிருந்து மின்சாரம் எவ்விதம் வருகிறது என்று கேட்டு எழுதியிருந்தாய். தீயின் உஷ்ணம் ஒரு தண்டைச் சுழற்ற, அத்தண்டோடு சுழலும் காந்தம் தன்னைச் சூழ்ந்த செப்புச் சுருள்களில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது என்று ஒரே வாக்கியத்தில் விடை சொல்லிவிடலாம். ஃபாரடே 1831இல் கண்டறிந்த அந்தத் தத்துவம் உன் பாடப்புத்தகத்திலேயே இருக்கும். ஆனால் எண்ணெய் மின்நிலையத்தில் வேலை செய்வோருக்குக் கவலை தருவது காந்தமன்று, எண்ணெய்தான்.

கொழும்புக்கு அருகே சப்புகஸ்கந்தையில் 1969 முதல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையொன்று இருக்கிறது. மசகெண்ணெயிலிருந்து பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் ஆகியவற்றை வடித்தெடுத்த பின் அடியில் தங்கும் கறுத்த, கனத்த எச்சத்திலிருந்தே உலை எண்ணெய் கிடைக்கிறது. அதை எரிப்பதற்கென்றே பக்கத்தில் ஒரு மின்நிலையம் அமைத்து, 1984இல் பெரிய டீசல் யந்திரங்களை இயக்கத் தொடங்கினார்கள்.

உலை எண்ணெய் ஆறினால் பனம்பாகுபோல் இறுகிவிடும் சுபாவம் உடையது. ஆகையால் தாங்கியில் இருக்கும்போதே நீராவிக் குழாய்களால் அதைச் சூடாக்கி, பின்னர் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழலும் பிரிப்பானில் இட்டு நீரையும் கசடையும் விலக்கி, மறுபடியும் நூறு பாகைக்கு மேல் காய்ச்சிய பிறகே யந்திரத்துக்குள் அனுமதிக்கிறார்கள். இந்த நீராவிக்கும் பெரும்பாலும் தனி அடுப்பு இல்லை; யந்திரத்தின் புகையோடு வீணாகும் உஷ்ணத்திலேயே அது பிறக்கிறது. யந்திரத்தை நிறுத்துமுன் சற்று நேரம் சாதாரண டீசலில் ஓடவிடுவதும் வழக்கம். அதை மறந்தால் குழாய்களில் நின்ற எண்ணெய் உறைந்துபோய், மறுநாள் கிளப்ப முனைபவர் பாடு பெரும்பாடாகிவிடும்.

யந்திரத்துக்குள் நடப்பது ருடால்ஃப் டீசல் 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் நடத்திக்காட்டிய அதே காரியம். உருளைக்குள் அடைபட்ட காற்றைப் பிஸ்டன் நெருக்க நெருக்க, அதன் உஷ்ணம் ஐந்நூறு பாகையையும் தாண்டிவிட, மயிரிழைத் துளைகள் வழியே மூடுபனியாகச் சீறும் எண்ணெய், தீப்பொறியின் உதவியே இன்றிப் பற்றிக்கொண்டு பிஸ்டனைத் தள்ளுகிறது. இவ்வளவு கனத்த யந்திரத்தை முதலில் அசைக்கக் கலத்தில் அடைத்துவைத்த அழுத்தக் காற்றுதான் பயன்படுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பூட்டும் செய்தி.

நமது மின்சாரம் வினாடிக்கு 50 அலைகள் கொண்டது. காந்தத்தின் ஒவ்வொரு முனைச் சோடியும் சுற்றுக்கு ஓர் அலை தருவதால், தண்டு நிமிடத்துக்கு 500 சுற்றுச் சுழலுமானால், மின்பிறப்பாக்கியின் காந்தத்துக்கு 12 முனைகள் தேவை. 600 சுற்றுக்கு எத்தனை என்று நீயே கணக்கிட்டுப் பார்.

எண்ணெயால் கொதிகலனைக் காய்ச்சி நீராவிச் சுழலியை ஓட்டுவதும், எரிவாயுச் சுழலியில் டீசலை எரிப்பதும் வேறு இரு வழிகள். கொழும்பிலுள்ள களனிதிஸ்ஸ நிலையம் இரண்டையும் கண்டிருக்கிறது. ஆனால் சிக்கனத்தில் நல்ல டீசல் யந்திரத்துக்கு ஈடாக அவை தனித்து நிற்பதில்லை. லீற்றர் எண்ணெய்க்கு ஏறத்தாழ 4 அலகு மின்சாரம் தருவது சாமானியமன்று, எண்ணெயின் உஷ்ணத்தில் பாதிக்கு மேல் வீணே வெளியே போகிறது என்றாலும்.

மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றும் வருஷங்களில் இந்த யந்திரங்களை நம்பித்தான் நாடு இருந்தது. 2022 மார்ச் மாத இறுதியில், நீரும் குறைந்து, எண்ணெய் வாங்க அந்நியச் செலாவணியும் இல்லாமற் போனபோது, நாளுக்கு 13 மணி நேரம் வரை இருளில் இருக்க நேர்ந்தது.

பிரிப்பானில் விலக்கிய கசடு எங்கே போகிறது என்ற கேள்வியை நீ கேட்கவில்லை, நான் கேட்கிறேன். யுத்த காலத்தில் தேசிய மின்வலையிலிருந்து அறுபட்டிருந்த யாழ்ப்பாணக் குடாநாடு, சுன்னாகத்தில் எரித்த எண்ணெயைப் பெரிதும் நம்பியிருந்தது. அங்கே நிலத்தடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மேலே சிந்தியதைத் தடுத்து நிறுத்தும் சக்தி அதற்கு இல்லை. சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததாக மக்கள் முறையிட்டு, வழக்கு இலங்கை உயர் நீதிமன்றம் வரை போய், 2019இல் மின்நிலையம் நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்க வேண்டுமென்று தீர்ப்பாயிற்று. மின்சாரத்தின் விலையைக் கணக்கிடுவோர் எண்ணெயின் விலையை எழுதுகிறார்கள், யந்திரத்தின் விலையை எழுதுகிறார்கள். கிணற்றுக்கு அந்தப் பேரேட்டில் ஒரு பத்தி ஒதுக்கியதை நான் இதுவரை கண்டதில்லை.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா