சதுரங்கப் போரும் மாறிய விதிகளும்

சென்ற கோடை விடுமுறையில் பொட்டிபுரம் சாவடித் திண்ணையில் என் தாத்தாவுடன் சதுரங்கம் ஆடினேன். எடுத்த எடுப்பிலேயே சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினேன். அவர் அதை ஒரு கட்டம் பின்னுக்குத் தள்ளி வைத்தார்.

"பேராண்டி, சிப்பாய்க்கு ஒரு அடிதான்டா. காலேஜுல போயி அழுகுணி ஆட்டமா படிச்ச?"

திண்ணையில் இருந்தோர் சிரித்தனர். கல்லூரியில் கற்ற விதியே சரியென்று நான் வாதாட, ஆட்டம் பாதியில் நின்றது. தவறு யாருடையது என்று தேடியதன் விளைவே இக்கட்டுரை.

தாத்தா ஆடியது நம் நாட்டுப் பழைய முறை. அதில் சிப்பாய் ஓரடியே வைக்கும். கோட்டை கட்டுதல் கிடையாது. அதற்கு மாறாக, செக் வாங்காத ராஜா ஒரே ஒரு முறை குதிரையைப் போலத் தாவலாம்.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், இன்று ராணி நிற்கும் கட்டத்தில் மந்திரி நின்றான். மூலைவாட்டில் ஒரு கட்டமே அவன் எல்லை. இன்றைய பிஷப்பின் இடத்தில் நின்ற யானை மூலைவாட்டில் இரண்டாம் கட்டத்துக்குத் தாவும். கணக்கிட்டுப் பார்த்தேன்: 64 கட்டங்களில் அது நிற்கக்கூடியவை 8 மட்டுமே! 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் இவ்விரு காய்களுக்கும் நெடுந்தூரம் செல்லும் உரிமை கிடைத்தது. முன்பு படையை அணிவகுக்கவே பல நகர்த்தல்கள் செலவாயின. இன்றோ கவனமற்ற வெள்ளை, கறுப்பின் இரண்டாம் நகர்த்தலிலேயே தோற்றுவிடலாம்.

எனினும் என்னை மிகவும் கவர்ந்தது சிப்பாய்தான். ஆட்டம் விரைவுபட அதற்கு ஈரடி உரிமை தந்தனர். ஆனால் எதிரிச் சிப்பாய் காவல் காக்கும் கட்டத்தை மிதிக்காமலே அது தாண்டிவிட வழி பிறந்தது. அந்த ஓட்டையை அடைப்பதே 'ஆன் பாசான்' விதி. தாண்டிய சிப்பாய் ஓரடியே வைத்ததாகக் கருதி, உடனடி மறு நகர்த்தலில் மட்டும் வெட்டலாம். (எங்கள் விடுதி விதிகளும் இப்படித்தான் பெருகின என்பார் என் அறை நண்பர்.)

பஞ்சாபின் மீர் சுல்தான் கான் நம் நாட்டு முறையில் வளர்ந்தவர். பின்பு ஐரோப்பிய விதிகளைக் கற்று 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். தொடக்க ஆட்டத்தில் தடுமாறுவார். இறுதி ஆட்டத்தில் அவரை அசைப்பது கடினம்.

இவற்றையெல்லாம் தாத்தாவிடம் சொன்னேன். "அப்ப நானும் அழுகுணி இல்ல, நீயும் இல்ல" என்றார். இப்போது ஓர் ஆட்டம் அவர் விதி, மறு ஆட்டம் என் விதி. அவர் விதியில் நான் இன்னும் ஒன்றுகூட வெல்லவில்லை. அந்த ராஜா எப்போது தாவும் என்று எனக்குப் பிடிபடவே இல்லை.