துளைக்கருவியும் நீட்டுக் கம்பியும்

முன்னாளில் பால்மரங்கள் நின்ற பங்சாரில் இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்துள்ளன. தெனாகா நேஷனல் மின்சார நிறுவனத்தின் தலைமையகமும் அங்கேதான் உள்ளது. நகர வீடாயினும் தோட்ட வீடாயினும், சுவரில் அலமாரி மாட்ட மின் துளைக்கருவியைக் கையிலெடுப்போர் பலர். அவர்கள் அறிய வேண்டிய உண்மை ஒன்றுண்டு.

“பிளக்கில் பியூஸ் இருக்கிறதே, அச்சம் ஏன்?” என்பர் சிலர். அந்தப் பியூஸ் 13 ஆம்பியர் வரை மின்சாரத்தைக் கடத்தும். உயிரைப் பறிக்க அதில் மிகச் சிறு பங்கே போதும். பியூஸ் காப்பது கம்பியை. மனிதனைக் காப்பது மின்கசிவுத் துண்டிப்பான். கையில் பிடித்து இயக்கும் கருவிகளுக்கு, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம் வேண்டும் என்பது 1994ஆம் ஆண்டு மின்சார விதி. மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். விசை உடனே விழாவிடில், தகுதிபெற்ற மின்பணியாளரை அழையுங்கள்.

அடுத்து, நீட்டுக் கம்பியைக் கவனியுங்கள். சுருளை முழுவதும் பிரித்த பின்னரே பயன்படுத்துங்கள். சுருண்ட கம்பியில் வெப்பம் தேங்கி உறை உருகக்கூடும். உறை கிழிந்த கம்பியை நாடா சுற்றிப் பயன்படுத்தலாகாது. ஒரு நீட்டுக் கம்பியுடன் மற்றொன்றை இணைக்கலாகாது. ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று துளையிடலாகாது.

சுவிட்சுக்கும் பிளக் துளைக்கும் நேர் மேலும் கீழும் சுவருக்குள் மின்கம்பி ஓடக்கூடும், அவ்விடங்களைத் தவிருங்கள். துளையூசியை மாற்றுமுன் பிளக்கைக் கழற்றுங்கள்.

அலமாரியை நாளையும் மாட்டலாம்; போன உயிர் மீளாது.