கில் அடிச்சாலும் சாகாத புரோசஸ்

இந்தக் கிழமை எபிசோடில, டேட்டாபேஸ் ஏன் டிஸ்க்குக்காகக் காத்துக்கொண்டு நிக்குது எண்டு கதைச்சனாங்கள். நேரம் போதாமல் விட்டுப்போன பகுதி இது.

ஆஹென்ல நான் கான்ட்ராக்டரா வேலை தொடங்கின முதல் வருசம். ஒரு கம்பெனியில (பேர் வேண்டாம்) மாதக்கடைசிக் கணக்கு ஓடுற இரவு. ஏஐஎக்ஸ் 5.3 போட்ட பழைய சர்வர், 4 சிபியு. எல்லாம் ஊர்ந்துகொண்டிருந்தது. கெர்னல் புரோசஸையும் காட்டச் சொல்லி பிஎஸ் அடிச்சால், 'ஏஐஓசர்வர்' எண்ட பேரில வரிசையா 40. தொங்கிப்போன புரோசஸ் எண்டு நினைச்சு கில் -9 அடிச்சன். ஒண்டும் அசையேல்ல. சரி, ரீபூட்தான் எண்டு போக, அங்க இருந்த வயசான அட்மின் மறிச்சார். நல்ல காலம். ஓடின கணக்கு முழுக்க முதல்ல இருந்து திரும்ப ஓடவேண்டி வந்திருக்கும்.

அந்த 40 என்ன? ஹம் கோயில் தேருக்குப் போறீங்கள், கொத்துரொட்டிக் கடையில பெரிய கியூ. நீங்களே நிண்டால் அது சிங்க்ரனஸ். தம்பியை நிப்பாட்டிப்போட்டு நீங்கள் சாமி பார்க்கப் போனால் அது அசிங்க்ரனஸ். கவனியுங்கோ, காத்திருப்பு இல்லாமல் போகேல்ல. வேற ஆள் நிக்குது, அவ்வளவுதான். ஏஐஓசர்வர் அந்தத் தம்பி. டேட்டாபேஸ் 'இந்த பிளாக்கை எழுது' எண்டு கேட்டிட்டு அடுத்த வேலைக்குப் போகும். கெர்னலுக்குள்ள இருக்கிற இந்தப் புரோசஸ் டிஸ்க்கோட மினக்கெடும். கெர்னலின்ர ஆள் எண்டபடியால் எங்கட கில்லுக்கு அசையாது.

5.3இல சிபியுவுக்கு அதிகபட்சம் 10 எண்டதுதான் டிஃபால்ட். 4 தர 10, 40. அதாவது தம்பிமார் முடிஞ்சுபோச்சு. 41ஆவது வேண்டுகோளுக்கு நிக்க ஆளில்லை. ஆனா அந்த வேர்ஷனில ஒருக்கா உருவான சர்வர் ரீபூட் வரைக்கும் போகாது. அதால 40 எண்டால் 'எப்பவோ ஒருநாள் உச்சத்தைத் தொட்டது' எண்டுதான் அர்த்தம், இப்பவும் நெருக்கடி எண்டு இல்லை. அவையின்ர சிபியு நேரம் ஏறுதோ எண்டு பார்க்கவேணும். எல்லாத்திலயும் ஏறிக்கொண்டிருந்தது. அட்மின் உச்சவரம்பைக் கூட்டினார், கணக்கு விடியமுதல் முடிஞ்சுது. 6.1இல இருந்து சும்மா இருக்கிற சர்வர் தானாப் போயிடும். ஃபைல்சிஸ்டம் இல்லாத ரா வால்யூம் எண்டால் இந்த ஆக்களே தேவையில்லை, வேண்டுகோள் நேரா கீழ போகும்.

'ஏஐஎக்ஸ் எல்லாம் அப்பா காலத்துச் சாமான்' எண்டு சொல்லப்போறீங்கள். லினக்ஸில 2019இல, 5.1 கெர்னலோட, ஐஓ_யூரிங் வந்தது. ஆனா 2025 செப்டம்பரில வந்த போஸ்ட்கிரஸ் 18ஐப் பாருங்கோ. அசிங்க்ரனஸ் வாசிப்புக்கு அதின்ர டிஃபால்ட் ஐஓ_யூரிங் இல்லை, 'வேர்க்கர்'. மூண்டு தம்பிமார்! எனக்கு அண்டைக்குச் சிரிப்பு வந்தது.

ஒரு வித்தியாசம்: இவை கெர்னலுக்கு வெளியில இருக்கிற சாதாரண புரோசஸ். கில் -9 அடிச்சால் சாகும். சேர்ந்து முழு டேட்டாபேஸும் கிராஷ் ரிக்கவரிக்குப் போகும்.