ஆசியர் எல்லோரும் ஒன்றா?

மருந்தாய்வுத் துறையில் வேலை பார்ப்பவன் என்பதால் நம் சங்க நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு: "ஜப்பானில் சோதித்துத் தேறிய மருந்தை இங்கே ஏன் மறுபடி சோதிக்க வேண்டும்? இருவரும் ஆசியர்தானே?" இதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும்.

வலிப்பு நோய்க்குத் தரப்படும் கார்பமசெபைன் பழைய மருந்து. மிகச் சிலருக்கு அது தோலை உரித்து உயிருக்கே ஆபத்தாகும். அவ்வாறு பாதிக்கப்பட்ட 44 நோயாளிகளைத் தைவான் ஆய்வாளர்கள் சோதித்து, 2004இல் முடிவை வெளியிட்டனர். 44 பேரிடமும் எச்.எல்.ஏ.-பி 1502 என்னும் மரபணு வகை இருந்தது. மருந்தைத் தாங்கியவர்களில் 3 விழுக்காட்டினரிடமே இருந்தது. இவ்வகை சீனர், தாய்லாந்தினர், மலாய்க்காரரிடையே பரவலாக உண்டு. இந்தியரிலும் சிலருக்கு உண்டு. ஜப்பானியரிடமும் கொரியரிடமும் மிக அரிது. ஜப்பானில் மட்டும் பார்த்திருந்தால் இந்தத் தொடர்பு கண்ணில் பட்டிராது.

பின்னர் தைவானில் 23 மருத்துவமனைகளில் 4,877 பேருக்கு முன்கூட்டியே சோதனை செய்தனர். அவ்வகை உள்ளவர்களை இம்மருந்தைத் தவிர்க்கச் சொன்னார்கள். ஒருவருக்கும் அக்கொடிய தோல்நோய் வரவில்லை. இம்முடிவு 2011இல் வெளியாயிற்று. பல நாட்டு மக்களிடம் ஆய்வு நடத்துவதன் பயன் இதுவே.

வெளிமாநிலத்தில் வாழும் நாம் ஒன்றை மறக்கக் கூடாது. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவை ஆய்வில் சேரச் சொன்னால், அவருக்குப் புரியும் மொழியில் விளக்கிய பின்பே கையெழுத்து. 2019ஆம் ஆண்டு விதிகள் தரும் உரிமை இது. ஆய்வால் தீங்கு நேர்ந்தால் இலவசச் சிகிச்சையும் உண்டு. விருப்பமில்லையேல் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். தயங்காமல் கேளுங்கள்.