மருந்தைக் காக்கும் மருத்துவம்

நுழையும்முன்

நோயைத் தீர்ப்பது மருந்து. முறையறியாது பயன்படுத்தினால் அம்மருந்தே வலுவிழந்து போவதும் உண்டு. செம்மறியாடுகளின் குடற்புழுக்கள் மருந்துகளை வென்ற வரலாற்றையும், அதனை எதிர்கொள்ளக் கண்டறியப்பட்ட வழியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சொட்டுச் சொட்டாய் இழப்பு

மேய்ச்சல் நிலத்தில் புல்லைக் கடிக்கும் ஆடு, புல்லோடு கண்ணுக்குப் புலப்படாத இளம்புழுக்களையும் விழுங்குகிறது. அவற்றுள் கொடியது ஹீமாங்கஸ் கன்டார்ட்டஸ் என்னும் புழு. குடற்புழு என்று பொதுப்பெயரால் சுட்டப்பெறினும், இது தங்குமிடம் ஆட்டின் நான்காம் இரைப்பையே. அவ்விரைப்பையின் சுவரிலிருந்து இரத்தத்தை உறிஞ்சி இது வாழ்கிறது. ஒரு புழுவால் ஆடு நாளொன்றுக்கு இழக்கும் இரத்தம் ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர், ஒரு சொட்டளவே. ஆயினும் ஆயிரம் புழுக்கள் சேர்ந்தால் இழப்பு 50 மில்லிலிட்டராகிவிடும். ஆடு சோர்வடையும், கண்ணிமையின் உட்புறம் வெளுக்கும், தாடையின்கீழ் நீர் கோத்து வீங்கும், கவனியாது விட்டால் ஆடு இறந்துபோகும்.

பெண்புழு ஒன்று நாள்தோறும் 5,000க்கும் மேற்பட்ட முட்டைகளை இடவல்லது. முட்டைகள் புழுக்கையுடன் வெளியேறுகின்றன. வெப்பமும் ஈரமும் வாய்த்த நிலத்தில் அவை பொரித்து, ஓரிரு வாரங்களில் தொற்றும் பருவத்தை அடைந்து, அடுத்த ஆட்டின் வாய்க்குள் செல்லப் புல்லின்மீது காத்திருக்கின்றன.

மருந்துகளும் தோல்விகளும்

1961இல் தயாபெண்டசோல் என்னும் மருந்து அறிமுகமானபோது ஆடு வளர்ப்போர் பெரிதும் மகிழ்ந்தனர். ஆனால், 1964ஆம் ஆண்டிலேயே அம்மருந்துக்கு மடியாத புழுக்கள் அமெரிக்காவில் அறியப்பட்டன. 1981இல் ஐவர்மெக்டின் வந்தது. அதன் கண்டுபிடிப்புக்காக வில்லியம் கேம்பல், சடோஷி ஓமுரா ஆகியோர் 2015இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அம்மருந்தையும் எதிர்த்து வாழும் புழுக்கள் அப்பத்தாண்டு முடிவதற்குள் தென்னாப்பிரிக்காவில் தோன்றிவிட்டன. 2009இல் நியூசிலாந்தில் மோனிபேன்டல் என்னும் புதுவகை மருந்து விற்பனைக்கு வந்தது. 2013இல் அந்நாட்டுப் பண்ணை ஒன்றில், வேறு இனப் புழுக்கள் அதனையும் எதிர்த்து நின்றமை வெளியிடப்பட்டது.

எதிர்ப்பாற்றல் தோன்றும் விதம்

புழு மருந்துக்குப் பழகிக்கொள்கிறது எனப் பலரும் எண்ணுவர். உண்மை அதுவன்று. பெருந்தொகையான புழுக்களுள் மரபணு மாற்றமுற்ற சில முன்னரே இருக்கின்றன. தயாபெண்டசோல் வகை மருந்துகள் புழுவின் உயிரணுவிலுள்ள டியூபுலின் என்னும் புரதத்தைப் பற்றிச் செயல்படுகின்றன. அப்புரதத்தில் 200ஆம் இடத்திலுள்ள ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தாலும் மருந்தின் பிடி தளர்ந்துவிடுகிறது. மருந்து மற்றவற்றைக் கொன்றொழிக்க, மாற்றமுற்றவை மட்டும் பிழைத்துப் பெருகுகின்றன.

மனிதரின் செயல்கள் இதனை விரைவுபடுத்துகின்றன. எடையைக் குத்துமதிப்பாகக் கருதிக் குறைவாக மருந்து கொடுப்பது ஒன்று. நோயுற்றது, உறாதது எனப் பாராமல் மந்தை முழுமைக்கும் அடிக்கடி மருந்தூட்டுவது மற்றொன்று. மருந்தூட்டியவுடன் மந்தையைப் புதிய மேய்ச்சல் நிலத்திற்கு ஓட்டிச்செல்வதும் தீங்கே. அங்கு விழும் முட்டைகள் யாவும் மருந்துக்குத் தப்பிய புழுக்களின் முட்டைகளாகவே இருக்குமல்லவா?

கண் காட்டும் வழி

மந்தையிலுள்ள எல்லா ஆடுகளும் ஒரே அளவில் புழுக்களைச் சுமப்பதில்லை. பெரும்பாலான புழுக்கள் சில ஆடுகளிலேயே குவிந்திருக்கும். இவ்வுண்மையை அடிப்படையாகக்கொண்டு தென்னாப்பிரிக்கக் கால்நடை மருத்துவ அறிஞர்கள் ஒரு வண்ண அட்டையை உருவாக்கினர். அவர்களுள் ஒருவரான ஃபாஃபா மாலன் பெயரால் அது ஃபமாச்சா என்று வழங்குகிறது. ஆட்டின் கீழிமையை விலக்கி, உட்புற நிறத்தை அட்டையின் ஐந்து நிறங்களோடு ஒப்பிட வேண்டும். செந்நிறம் முதல் நிலை; வெளுத்த நிறம் ஐந்தாம் நிலை. நான்கு, ஐந்து ஆகிய நிலைகளிலுள்ள ஆடுகளுக்கு மருந்து கட்டாயம் தேவை. முதலிரு நிலைகளிலுள்ளவற்றுக்குப் பொதுவாகத் தேவையில்லை. இடைநிலையில் ஆட்டின் வயதும் உடல்நலமும் கருதி முடிவெடுக்கலாம். ஆய்வுக்கூடம் வேண்டாத இம்முறையை எழுத்தறியாதவரும் முறையான பயிற்சியால் கையாளலாம். இரத்தம் உறிஞ்சும் புழுக்களுக்கு மட்டுமே இது பொருந்தும்.

மருந்து பெறாத ஆடுகளில் வாழும் புழுக்களை ‘அடைக்கலப் புழுக்கள்’ எனலாம். மருந்துக்கு மடியும் இயல்புடைய இவை, எதிர்ப்பாற்றல் பெற்றவற்றுடன் கலந்து இனம்பெருக்குவதால் எதிர்ப்பாற்றல் பரவும் வேகம் குறைகிறது. சில புழுக்களை வாழவிடுவதே மருந்தை வாழவைக்கும் வழியாகிறது!

தெரிந்து தெளிவோம்

மருந்து பயனளிக்கிறதா என்பதைப் புழுக்கையைச் சோதித்து அறியலாம். மருந்தூட்டுமுன் ஒருமுறையும், 10 முதல் 14 நாள்களுக்குப்பின் மறுமுறையும் முட்டைகளை எண்ணுவர். முட்டைகளின் எண்ணிக்கை 95 விழுக்காட்டிற்கும் குறைவாகவே வீழ்ந்திருப்பின், எதிர்ப்பாற்றல் உண்டோ என ஐயுற வேண்டும்.

நம் கடமை

வெப்பமும் மழையும் வாய்த்த தமிழ்நாட்டிலும் இப்புழு ஆடுகளைத் தாக்குகிறது. ஆடுகளே சேமிப்பாக வாழும் குடும்பங்களுக்கு ஓர் ஆட்டின் இறப்பும் பேரிழப்பு. புதிய மருந்தொன்றை உருவாக்கப் பல்லாண்டுகள் தேவை. அதனை வீணாக்கச் சில ஆண்டுகள் போதும். எனவே, இருக்கும் மருந்தை அளவறிந்தும் தேவையறிந்தும் பயன்படுத்துவோம். அடுத்த தலைமுறைக்கும் அதன் பயனை விட்டுவைப்போம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதி ஆடு வளர்ப்போரைச் சந்தித்து, அவர்கள் குடற்புழு நீக்க மருந்தளிக்கும் முறையைக் கேட்டறிந்து தொகுக்க.
2. ‘மந்தை முழுமைக்கும் மருந்தூட்டுவது சரியா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.